பித்தளைத் தலையின் உச்சியில் ஏன் ஒரு துளை? (எடோ மக்கள், அவர்கள் நாடு, வழிபாடு குறித்த விவாத இழை)

பதிவு 1 | மணற்கேணி

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் இலண்டனில், அக்கா மகனை அழைத்துக்கொண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்திலுள்ள ஆப்பிரிக்கக் கூடத்துக்குப் போயிருந்தேன். அங்கே கழுத்திலிருந்து உதடு வரை பவள வடங்கள் அடுக்கிய ஒரு பித்தளைத் தலை இருந்தது. பையனுக்குப் பத்து வயது, எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, உச்சந்தலையில் இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறதே, உடைந்துவிட்டதா?" என்று கேட்டான். உடைந்த துளையாகத் தெரியவில்லை. வட்டமாக, விளிம்பு சீராக, வேண்டுமென்றே விட்டதுபோல இருந்தது. அருகிலிருந்த குறிப்பில் "பெனின் அரசர் நினைவுத் தலை, எடோ மக்கள்" என்ற அளவில்தான் செய்தி இருந்தது.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. எடோ மக்கள் என்போர் யார்? இன்றைய பெனின் என்ற நாட்டுக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா? அந்தத் துளை எதற்கு?

பதிவு 2 | பழைய கணக்கு வாத்தியார்

மணற்கேணி அவர்களுக்கு வணக்கம். உங்கள் இரண்டாம் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் குழப்பத்தில் சிக்காதவர்கள் அரிது. எடோ மக்களின் தலைநகரான பெனின் நகரம் இருப்பது நைஜீரியாவின் தென்பகுதியில், எடோ மாநிலத்தில். பெனின் குடியரசு என்பது அதற்கு மேற்கே உள்ள வேறொரு நாடு. 1975 வரை அதன் பெயர் தகோமே. கடற்கரையை ஒட்டிய வளைகுடாவுக்குப் பெனின் வளைகுடா என்று பெயர் இருந்ததால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்களே தவிர, எடோ அரசர்களுக்கும் அந்த நாட்டுக்கும் உறவில்லை. தோக்கியோ நகரின் பழைய பெயரும் எடோதான் என்பதால் இணையத்தில் தேடுபவர்களுக்கு ஜப்பானியச் சித்திரங்களும் சேர்ந்து வந்து நிற்கும், அதுவும் தொடர்பற்றது.

1980களின் தொடக்கத்தில் நைஜீரியப் பள்ளிகளுக்கு இந்தியாவிலிருந்து நிறைய ஆசிரியர்கள் போனார்கள். அவர்களில் ஒருவனாக நான் பெனின் நகரில் நான்கு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்போது அது பெண்டெல் மாநிலம். 1991-ல்தான் எடோ, டெல்டா என இரண்டாகப் பிரித்தார்கள்.

இனித் துளைக்கு வருவோம். அது உடைப்பில்லை, தந்தத்தின் இருக்கை. செதுக்கு வேலை நிறைந்த முழு யானைத் தந்தம் ஒன்றை அந்தத் துளையில் நிறுத்துவார்கள். தந்தம் மேல்நோக்கி வளைந்து நிற்கும். ஓர் ஓபா, அதாவது அரசர், இறந்தபின் அவர் மகன் முடிசூடியதும் தந்தைக்கு ஒரு மேடை அமைப்பது கடமை. மண்ணால் கட்டிய அரைவட்ட மேடையில் பித்தளைத் தலைகள், அவற்றின் மேல் தந்தங்கள், நடுவில் அரசரும் பரிவாரமும் நிற்கும் சிறு வார்ப்பு, பக்கத்தில் மணிகள், பின்சுவரில் சாத்தி வைத்த உகூரே என்னும் மரக்கோல்கள் என்று அது நிறைந்திருக்கும். நீங்கள் பார்த்த தலை அப்படியொரு மேடையிலிருந்து பெயர்த்தெடுத்த ஓர் உறுப்பு. தனியாக அழகு பார்ப்பதற்கென்று அதைச் செய்யவில்லை.

பித்தளைத் தலை அரசருக்கும் அரசரின் தாய்க்கும் உரியது. பெருந்தலைவர்களின் வீட்டு மேடையில் மரத்தலை இருக்கும். வார்ப்புத் தொழில் செய்யும் குடும்பத்தாரோ தங்கள் முன்னோருக்குச் சுட்ட மண்ணில் தலை செய்து வைத்தார்கள். மற்றவர்கள் வீட்டில் தலையே கிடையாது, கோல் மட்டும்தான்.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் வீட்டில் அந்தக் கோலைப் பார்த்திருக்கிறேன். மூங்கில் கணுக்களைப் போல அடுக்கடுக்காகச் செதுக்கியது, ஏறத்தாழ என் தோள் உயரம் இருக்கும். மேல் பகுதியைக் குடைந்து உள்ளே ஒரு மரத்துண்டை விட்டிருப்பார்கள். கோலைத் தரையில் தட்டினால் அது கடகடவென்று ஒலிக்கும், அந்த ஒலிதான் முன்னோரை அழைப்பது. பலமுறை தட்டித் தட்டி அடிப்பகுதி மழுங்கிப்போயிருந்தது. கோலாக்கொட்டையை உடைத்து மேடையில் ஒரு துண்டு வைத்த பிறகுதான் எனக்கு ஒரு துண்டு தருவார்.

பதிவு 3 | செம்பவளம்

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மேடையில் முழு உருவம் வைக்காமல் தலையை மட்டும் ஏன் வைத்தார்கள் என்ற கேள்விக்கு எடோ மக்களின் நம்பிக்கைக்குள்தான் விடை இருக்கிறது.

அவர்கள் உலகை இரண்டாகப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் இவ்வுலகம் அக்போன். தெய்வங்களும் முன்னோரும் பிறவாத உயிர்களும் இருக்கும் அவ்வுலகம் எரின்ம்வின். படைத்தவரான ஒசனோபுவா அவ்வுலகில் இருக்கிறார். பிறப்பதற்கு முன் ஒவ்வோர் உயிரும் அவர் முன்னிலையில் நின்று, தான் என்னவாக வாழப் போகிறது என்பதைத் தன் வாயாலேயே சொல்லும். அப்போது அதன் எஹி உடனிருந்து சாட்சி சொல்லும். எஹி என்பது ஒருவருடைய மறுபாதி. அவர் இங்கே வந்த பின்னும் அது அவ்வுலகிலேயே தங்கி அவருக்காகப் பரிந்து பேசும். ஒருவர் பதினான்கு முறை இப்படிப் போய் வருவார் என்பது நம்பிக்கை. இதை நம் "தலையெழுத்து" என்ற சொல்லால் மொழிபெயர்க்கத் தோன்றும், ஆனால் பொருந்தாது. இங்கே எழுதியவர் வேறொருவர் இல்லை, சொன்னவர் அவரே. ஒன்றுமே கைகூடாதவரைப் பற்றி அவர் தன் எஹியோடு முரண்பட்டு நிற்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

சொன்ன வாழ்வை இங்கே நடத்திக்காட்ட வேண்டிய பொறுப்பு தலைக்கு. பார்ப்பது, கேட்பது, எண்ணுவது, பேசுவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. குடும்பத்தைத் தலைவன் நடத்துவதுபோல உடலைத் தலை நடத்துகிறது. ஆகவே தலைக்குப் படையல் உண்டு. அதேபோலக் கைக்கும் வழிபாடு உண்டு. தன் முயற்சியால் பொருள் சேர்த்தவர்களும் போரில் வென்றவர்களும் இகெகோபோ என்னும் உருளை வடிவப் பீடத்தைக் கைக்கென்று அமைத்துக்கொள்வார்கள். பிறப்பால் வந்தது வேறு, கையால் சேர்த்தது வேறு என்று பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே நன்றி சொல்லும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பதிவு 4 | பழைய கணக்கு வாத்தியார்

செம்பவளம் அம்மா எழுதியதைப் படித்ததும் என் பழைய வருகைப் பதிவேடு நினைவுக்கு வந்தது. பெயர் கூப்பிட ஆரம்பித்தால் பாதி வகுப்பு "ஒசா" என்றுதான் தொடங்கும். ஒசாகியே என்றால் ஒசா அனுப்பியவன், ஒசாரெட்டின் என்றால் ஒசாவே வலிமை. ஒசா என்பது ஒசனோபுவாவின் சுருக்கம். ஒரு பெண்ணின் பெயர் எஹிம்வென்மா, "என் எஹி நல்லது" என்று பொருள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் செல்பவர்கள். தேவாலயத்திலும் அவர்கள் கடவுளை அழைப்பது ஒசனோபுவா என்ற பெயரால்தான்.

காலை வணக்கம் இன்னொரு விந்தை. பொதுவாகச் சொல்வது "ஒபோவியே". ஆனால் ஒவ்வொரு குலத்துக்கும் தனிக் காலை வணக்கச் சொல் உண்டு. சிறியவர் அதைச் சொல்லும்போதே எந்த வழி வந்தவர் என்று பெரியவருக்குத் தெரிந்துவிடும். அரச குடும்பத்துக்கு உரியது "லாமோகுன்". என் வகுப்பில் ஒரு பையன் வீட்டில் அப்படிச் சொல்வதாக மற்ற பிள்ளைகள் காதோடு காதாகச் சொன்னபோதுதான், கடைசி வரிசையில் உட்கார்ந்து பின்னக் கணக்கில் தடுமாறிக்கொண்டிருந்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது எனக்குப் புரிந்தது.

பதிவு 5 | நடுவாண்மை

இவ்வளவு நேரம் படித்துவிட்டு ஒரு கசப்பான கேள்வியைக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1897-ல் அந்த நகருக்குள் நுழைந்த ஆங்கிலேயர்கள் "குருதி நகரம்" என்று எழுதினார்கள். மேடைகளில் மனித ரத்தம் உறைந்திருந்ததாகக் குறிப்புகள் உள்ளன. கோலாக்கொட்டையையும் கோலின் ஒலியையும் பேசும் நாம் நரபலியைப் பேசாமல் நகர்வது நேர்மையா? ஆங்கிலேயர் படையெடுப்புக்கு அது காரணம் இல்லையா?

பதிவு 6 | பழைய கணக்கு வாத்தியார்

நேர்மையான கேள்வி. நரபலி இருந்தது, எடோ வரலாற்றாளர்களும் அதை மறுப்பதில்லை. படை நெருங்கிய நாள்களில் அது பெருகியது என்பதும் உண்மை, நகரைக் காக்க வேறு வழி தெரியாதவர்களின் கடைசி முயற்சியாக. ஆனால் படையெடுப்புக்குக் காரணம் அதுவா என்று கேட்டால், இல்லை என்பேன். காலவரிசையைப் பாருங்கள்.

1892-ல் ஓபா ஓவோன்ராம்வெனிடம் ஒரு வணிக ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கினார்கள். பனையெண்ணெய் உள்ளிட்ட பொருள்களின் வணிகத்தை ஓபா தன் பிடியில் வைத்திருந்தது கடற்கரை வணிகர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது. 1896 நவம்பரில், பொறுப்புத் தூதராக இருந்த ஜேம்ஸ் பிலிப்ஸ், ஓபாவை அகற்ற அனுமதி கேட்டு இலண்டனுக்கு எழுதினார். அந்தக் கடிதத்திலேயே, செலவை ஈடுகட்டும் அளவுக்கு அரசரின் வீட்டில் தந்தம் கிடைக்கும் என்று நம்புவதாகவும் குறிப்பிட்டார். மணற்கேணி கேட்ட துளைகளில் நின்றிருந்த தந்தங்களும் அந்தக் கணக்கில் அடங்கியவைதான்.

அனுமதி வருவதற்குக் காத்திராமல் பிலிப்ஸ் புறப்பட்டார். அது இகுவே விழாக் காலம். ஓபா தன் தலைக்கு வழிபாடு செய்யும் நாள்கள், அப்போது அயலாரைப் பார்க்க மாட்டார். வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியும் பிலிப்ஸ் நிற்கவில்லை. 1897 ஜனவரி 4-ஆம் நாள் வழியில் தாக்கப்பட்டார்; உடன் வந்த ஆங்கிலேயரில் இருவர் மட்டும் உயிர் தப்பினர், கூலியாள்களாக வந்த ஆப்பிரிக்கர்களிலும் பலர் மாண்டனர். தாக்கச் சொன்னது ஓபா அல்ல, தலைவர்களில் ஒரு பிரிவினர் என்றே பெரும்பாலான வரலாற்றாளர் கருதுகின்றனர். பிப்ரவரியில் ஹாரி ராசன் தலைமையில் சுமார் 1,200 பேர் கொண்ட படை வந்தது. 18-ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. மூன்று நாள் கழித்துப் பரவிய தீயில் அரண்மனை உட்பட நகரின் பெரும்பகுதி எரிந்தது. ஆயிரக்கணக்கான பித்தளை, தந்தப் பொருள்களை அள்ளிச் சென்றார்கள். ஓபா ஆகஸ்டில் சரணடைந்து, கலபாருக்கு நாடுகடத்தப்பட்டு, 1914-ல் அங்கேயே இறந்தார்.

அடுத்த பதினேழு ஆண்டுகள் எடோ நாட்டில் ஓபா இல்லை. தந்தைக்கு மேடை அமைக்க வேண்டிய மகன் முடிசூட முடியாமல் நின்றான். ஏற்கனவே இருந்த மேடைகளோ வெறும் மண் திட்டுகளாகிவிட்டன. 1914-ல் அந்த மகன் இரண்டாம் எவெகாவாக முடிசூடி அரண்மனையைத் திரும்பக் கட்டினார். அவரே மரம் செதுக்கத் தெரிந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதிவு 7 | அகழி

நான் மண்ணைத் தோண்டிப் பார்க்கும் ஆள், ஆகவே என் பெயருக்கேற்ற செய்தியோடு வருகிறேன். பெனின் நகரைச் சுற்றி "இயா" என்னும் அகழியும் மண்கரையும் உண்டு. அகழியின் அடியிலிருந்து கரையின் உச்சி வரை அளந்தால் உள்வட்டத்தில் 17 மீட்டருக்கு மேல் வரும் இடங்கள் உள்ளன. சுற்றுவட்டார ஊர்களின் எல்லைக் கரைகளையும் சேர்த்து மொத்த நீளம் 16,000 கிலோமீட்டர் இருக்கலாம் என்று தொல்லியலாளர் பாட்ரிக் டார்லிங் மதிப்பிட்டார். எல்லாம் ஒரே அரசர் காலத்தில் வந்தவை அல்ல. பல நூற்றாண்டுகளாக ஊர் ஊராகத் தோண்டிய கரைகள் தேன்கூடு போல ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்தவை. இன்று வீட்டுமனைக்காகவும் குப்பைக்காகவும் அவை தூர்ந்துகொண்டிருக்கின்றன.

நகரின் உள் அகழியை 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட எவுவாரேயோடு இணைத்துச் சொல்வார்கள். "எடோ" என்ற பெயரும் அவர் இட்டதே என்பது மரபு. அரியணைக்கு வருமுன் துரத்தப்பட்டுத் திரிந்தபோது எடோ என்ற பெயருடைய ஓர் அடிமை அவர் உயிரைக் காப்பாற்ற, பின்னாளில் அரசரானதும் நகருக்கே அவன் பெயரைச் சூட்டினாராம். பேரரசின் தலைநகர் ஓர் அடிமையின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதை அந்த மக்கள் பெருமையாகவே சொல்கிறார்கள்.

அதற்கும் முன் ஒகிசோ என்னும் "வானத்து அரசர்கள்" ஆண்டார்கள். கடைசி ஒகிசோ ஒவோடோவுக்குப் பின் அரசு தடுமாறியபோது, மேற்கே வாழும் யொரூபா மக்களின் நகரான இஃபேயிலிருந்து ஒரன்மியான் என்ற இளவரசர் வந்தார் என்றும், அவர் இங்கே மணந்த பெண்ணுக்குப் பிறந்த எவெகா, 1200 வாக்கில், முதல் ஓபா ஆனார் என்றும் பாடநூல்கள் சொல்லும். இதை அப்படியே சொன்னால் பெனின் நகரில் சண்டைக்கு வருவார்கள்.

பதிவு 8 | கரிசல் நிலா

ஏன் சண்டை என்பதைச் சேர்த்து எழுதியிருக்கலாமே அகழி. அவர்கள் சொல்லும் கதையில் ஒவோடோவுக்கு ஒரே மகன், எகலதெரான். குறி கேட்டு வந்தவர்கள் அரசரின் மனைவி ஒருத்தியைக் காப்பாற்றப் பொய் சொன்னதால் அவனைக் கொல்ல ஆணையிடப்பட்டது. கொல்லப் போனவர்கள் இரங்கி விட்டுவிட்டார்கள். அவன் காடு கடந்து இஃபே சென்று, அங்கே ஒடுடுவா என்ற பெயரில் அரசனானான். அந்த ஒடுடுவா அனுப்பிய வாரிசுதான் ஒரன்மியான் என்றால், வந்தவர் அயலாரல்லர், வீடு திரும்பிய பேரன். ஓபா எரெடியாவுவா 2004-ல் வெளிவந்த தன்வரலாற்றில் இதை உறுதியாக எழுதியபோது யொரூபா தரப்பிலிருந்து கடும் மறுப்பு வந்தது. எனக்குத் தோன்றுவது, இரண்டு கதைகளுமே அரசுரிமைக்குக் காரணம் சொல்லும் கதைகள் என்பதே. அவற்றைக் கல்வெட்டுபோலப் படிப்பதில் பயனில்லை.

பித்தளை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. போர்த்துகீசியர் 1480களில் அங்கே வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது மணில்லா எனப்பட்ட காப்பு வடிவப் பித்தளைக் காசு. பதிலுக்கு வாங்கியது மிளகு, தந்தம், துணி, அடிமைகள். அட்லாண்டிக் கடலில் மூழ்கிய கப்பல்களில் கிடைத்த மணில்லாக்களை ஆராய்ந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றின் உலோகம் ஜெர்மனியின் ரைன் பகுதித் தாதுவோடு பொருந்துவதாகக் காட்டியது. பெனின் வார்ப்புகளின் உலோகமும் அதனோடு ஒத்துப்போகிறது. காசை உருக்கி இகுன் தெருக் கைவினைஞர்கள் தலையாகவும் உருவங்கள் புடைத்த பித்தளைப் பலகையாகவும் வார்த்தார்கள்.

இந்த மிளகுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பெனினில் விளைந்தது வாலுள்ள ஒருவகை ஆப்பிரிக்க மிளகு. போர்த்துகல் சந்தையில் நன்றாகவே விற்றது. வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து மலபார் மிளகு நேரடியாகக் கிடைக்கத் தொடங்கியதும், அதன் விலை இறங்கிவிடக் கூடாது என்று போர்த்துகீசிய அரசர் பெனின் மிளகு வணிகத்தை நிறுத்திவிட்டார். அதன்பின் அங்கே அடிமை வணிகத்தின் பங்கு கூடியது. ஆனால் ஓபாக்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆண் அடிமைகளை வெளியே விற்பதைக் கட்டுப்படுத்தி, பிறகு நீண்ட காலம் தடுத்தே வைத்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பிற்காலத்தில் அந்தத் தடை தளர்ந்தது.

பதிவு 9 | செம்பவளம்

கடல் வழியாக வந்த செல்வம் என்றதும் ஒலோகுனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒசனோபுவாவின் மகனான ஒலோகுன் நீரின் அரசர். குழந்தைப்பேறும் பணமும் அவர் தருபவை. எத்தியோப் ஆறு அவருடைய ஆறு, உலகத்து நீரெல்லாம் அங்கிருந்தே புறப்படுகிறது என்பார்கள். அவருடைய தலைமைக் கோயில் உரோனிக்பே என்னும் ஊரில் இருக்கிறது. வழிபாட்டில் பெண்கள் முன்னிற்பார்கள். வெள்ளை உடை உடுத்தி, தரையில் வெண்களிமண் பொடியால் சிலுவை வடிவிலும் வட்டங்களாகவும் கோடு இழுத்து, அதன் நடுவே நீர்ப்பானையை வைப்பார்கள். வெண்மை என்றால் குளிர்ச்சி, அமைதி, நல்லதிர்ஷ்டம்.

ஓபா அணியும் பவளமும் ஒலோகுனிடமிருந்து வந்தது. உகோடோன் துறையில் எவுவாரே அதைக் கைப்பற்றி வந்தார் என்பது கதை. அதனால்தான் சில பலகைகளில் ஓபாவின் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மீன்கள் வளைந்து நிற்கின்றன. அது சேற்றுமீன், நீரிலும் வாழும், கரையிலும் பிழைக்கும். நிலத்தை ஆள்பவரும் நீரை ஆள்பவரும் ஒருவரே என்று மீனை வைத்துச் சொல்லிவிட்டார்கள். கடல் கடந்து வந்த வெள்ளை முகத்தவர்களை ஒலோகுனின் உலகத்தோடு சேர்த்துப் பார்த்ததும் இயல்புதான். தாயரசி இடியாவின் தந்த முகமூடியில், தலையைச் சுற்றித் தாடி வைத்த போர்த்துகீசியர் முகங்களும் சேற்றுமீன்களும் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள்.

இடியாவின் மகன் எசிகியே இடா நாட்டின் மீது போருக்குப் புறப்பட்டபோது ஒரு பறவை தோல்வி வரும் என்று கூவியது. அவர் அதைக் கொல்லச் சொல்லிவிட்டு மேலே நடந்து, வென்று திரும்பினார். அந்தப் பறவையை உச்சியில் வைத்த பித்தளைக் கோல்களை விழாவில் தலைவர்கள் தட்டி ஒலிப்பார்கள். தெய்வக்குறிகளை இவ்வளவு மதிக்கும் ஒரு மக்கள், குறியை மீறி வென்ற அரசரையும் விழா எடுத்துக் கொண்டாடுகிறார்கள்.

பதிவு 10 | மணற்கேணி

இவ்வளவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. இவையெல்லாம் இன்றும் நடக்கின்றனவா, அல்லது விழாக்கால வேடமாகச் சுருங்கிவிட்டனவா?

பதிவு 11 | பழைய கணக்கு வாத்தியார்

நீதிமன்றம் வரை நடக்கின்றன. தந்தை வாழ்ந்து இறந்த தலைமை வீட்டுக்கு இகியோக்பே என்று பெயர். இறுதிச் சடங்குகளை முறைப்படி முடித்த மூத்த மகனுக்கே அது சேரும்; உயில் எழுதிக்கூட வேறு ஒருவருக்குக் கொடுக்க முடியாது என்பதை 1991-ல் நைஜீரிய உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. காரணம் எளிது: முன்னோர் மேடை அந்த வீட்டில் இருக்கிறது, கோலைத் தட்டும் கடமை மூத்தவனுக்கு. மகள்களுக்கும் இளையவர்களுக்கும் இதில் உள்ள அநீதியை நான் மறைக்கவில்லை. என் வீட்டு உரிமையாளரின் தம்பி, என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் பேசுவார்.

டிசம்பரில் இகுவே வரும்போது அரண்மனையில் ஓபாவின் தலைக்கு வழிபாடு நடந்த பிறகு வீடுகளிலும் அவரவர் தலைக்குத் தேங்காய், கோலாக்கொட்டை வைத்துச் செய்வார்கள். கடைசி நாளில் இளைஞர்கள் எவெரே என்னும் இலையைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்து வீடு வீடாகத் தருவார்கள். என் தலையிலும் ஒரு இலையை ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் வரை எடுக்காதே என்றாள் பக்கத்து வீட்டுக் கிழவி.

பதிவு 12 | நடுவாண்மை

இன்றும் நடப்பதன் இருண்ட பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். எடோ மாநிலத்திலிருந்து இளம்பெண்களை ஐரோப்பாவுக்கு, குறிப்பாக இத்தாலிக்கு, கடத்திப் பாலியல் தொழிலில் தள்ளும் கும்பல்கள் உண்டு. 2016-ல் மட்டும் சுமார் 11,000 நைஜீரியப் பெண்கள் கடல் வழியாக இத்தாலியில் இறங்கினார்கள். அவர்களில் 80 விழுக்காட்டினர் கடத்தலுக்கு இரையானவர்களாக இருக்கக்கூடும் என்று பன்னாட்டு இடம்பெயர்வோர் அமைப்பு கணித்தது. புறப்படுமுன் அவர்களை ஒரு கோயிலுக்கு அழைத்துச் சென்று, முடியும் நகமும் எடுத்துக்கொண்டு, கடனைத் தீர்ப்பேன், யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்குவார்கள். பூட்டும் சங்கிலியும் தேவைப்படவில்லை. இத்தாலியக் காவலரிடம் வாய் திறந்தால் சாவு வரும் என்ற அச்சமே போதும்.

2018 மார்ச் 9-ஆம் நாள் ஓபா இரண்டாம் எவுவாரே பூசாரிகளையும் நாட்டு மருத்துவர்களையும் அரண்மனைக்கு வரவழைத்து, அத்தகைய சத்தியங்களையெல்லாம் நீக்கினார். இனி அவற்றைச் செய்விப்பவர்கள் மீது சாபமும் இட்டார். செய்தி ஐரோப்பாவில் இருந்த பெண்களுக்குக் கைப்பேசி வழியே பரவியது. பணம் அனுப்புவதை நிறுத்தியவர்களும் சாட்சி சொல்ல முன்வந்தவர்களும் உண்டு. கும்பல்கள் சத்தியம் வாங்கும் இடத்தை அண்டை மாநிலங்களுக்கு மாற்றிக்கொண்டன என்றும் செய்திகள் வந்தன. நான் எந்தச் சாபத்தையும் நம்புபவனில்லை. ஆனாலும் சட்டத்தால் அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சை, அதைப் போட்ட மரபின் தலைவரே அவிழ்த்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பதிவு 13 | கரிசல் நிலா

நடுவாண்மையிடமிருந்து இப்படியொரு வாக்கியம் வரும் என்று நினைக்கவில்லை!

திருப்பித் தருவது பற்றி ஒரு பத்தி. 2021-ல் பிரான்சு திருப்பிய 26 பொருள்கள் தகோமே அரசுடையவை, பெனின் குடியரசுக்குப் போனவை. எடோ பொருள்கள் என்று தமிழ்ச் செய்திகளிலும் தவறாக வந்தன. எடோ பொருள்களைப் பொறுத்தவரை, 2021 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரி ஒரு பித்தளைச் சேவலைத் தந்தது. 2022-ல் ஜெர்மனி ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றி, முதல் தவணையாகச் சுமார் இருபதைக் கொண்டுவந்து கொடுத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் 900-க்கும் மேல் உள்ளன. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்பது அவர்கள் பதில். 2023 மார்ச்சில் நைஜீரியக் குடியரசுத் தலைவர், திரும்பி வருபவற்றின் உரிமையாளர் ஓபாவே என்று அறிவித்ததும், அரசுக்குத் தருவதாக நினைத்திருந்த சில நிறுவனங்கள் தயங்கின. எனக்கு அந்தத் தயக்கம் வேடிக்கையாக இருந்தது. எடுத்தது யாருடைய தந்தையின் மேடையிலிருந்து என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

அமெரிக்காவில் அடிமைகளின் வழித்தோன்றல்கள் சிலர் வேறொரு வாதம் வைக்கிறார்கள். அந்தப் பித்தளையில் ஒரு பகுதி தங்கள் முன்னோரை விற்று வாங்கிய மணில்லா, ஆகவே தங்களுக்கும் பங்குண்டு என்கிறார்கள். இதற்கு என்னிடம் உடனடி மறுமொழி இல்லை.

2014-ல் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. படையெடுப்பில் இருந்த ஓர் அதிகாரியின் பேரன், வீட்டிலிருந்த ஒரு மணியையும் செம்பவளம் சொன்ன அந்தப் பறவையையும் எடுத்துக்கொண்டு நேரே பெனின் நகருக்குப் போய் ஓபாவிடம் கொடுத்துவிட்டார்.

பதிவு 14 | மணற்கேணி

பையனிடம் எல்லாவற்றையும் சுருக்கிச் சொன்னேன். "அப்படியென்றால் தந்தம் எங்கே?" என்றான். கைப்பேசியில் அன்று எடுத்த படங்களைத் தேடினோம். தலைக்கு வேறு எண், தந்தத்துக்கு வேறு எண் கொடுத்திருக்கிறார்கள். தந்தம் தனியாக, ஒரு தாங்கியின் மேல் நிற்கிறது.

பதிவு 15 | பழைய கணக்கு வாத்தியார்

அந்தத் தந்தத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேடையில் இருந்த காலத்தில் தந்தங்களை வெளுப்பாக வைத்திருக்க எலுமிச்சை வகைச் சாற்றால் கழுவுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கழுவியதில் செதுக்குகள் தேய்ந்திருக்கும்.

பதிவு 16 | மணற்கேணி

பார்த்தோம் ஐயா. அடியில் மீன்கால்களோடு ஓர் உருவம் இருக்கிறது. மீன்கள் தெளிவாகத் தெரிகின்றன, முகம் வழுவழுவென்று தேய்ந்துபோயிருக்கிறது.